பெஞ்சில் நாற்பது நிமிடம்

கோப்பையை வென்று வந்த மறுநாள் காலை இசக்கியம்மாள் தன் கோச்சிடம் ஒரு கேள்வி கேட்டாள்.

"நேத்து என்னை ஏன் மிஸ் எறக்கல?"

விளையாட்டுத் துறை அறையின் வாசலில் நின்றுதான் கேட்டாள். உள்ளே வரவில்லை. கோச் மங்கையர்க்கரசி மேசைமேல் இருந்த கோப்பையைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்கு அதை முதல்வர் அறைக்குக் கொண்டுபோக வேண்டும். படம் எடுக்க ஆள் வரப்போகிறார்.

பாளையங்கோட்டையில் இருக்கும் அந்தப் பெண்கள் கல்லூரிக்குக் கூடைப்பந்தில் கிடைத்த முதல் கோப்பை அது. அணி தொடங்கி முப்பத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அதில் இருபத்தேழு வருடம் அணியை நடத்தியவர் மங்கையின் ஆசிரியை பிலோமினா. அவர் ஆறு முறை இறுதிப் போட்டிவரை போனார். ஆறு முறையும் வெறுங்கையோடு திரும்பினார். அவர் ஓய்வு பெற்ற பின் பொறுப்பேற்ற மங்கை, ஐந்தாவது வருடத்திலேயே கோப்பையோடு வந்துவிட்டாள்.

வாசலில் நின்ற இசக்கி மூன்றாம் ஆண்டு மாணவி. வள்ளியூர்ப் பக்கம் ஒரு கிராமம். அப்பா செங்கல் சூளையில் லோடு ஏற்றுகிறவர். விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு வந்தவள். அணியில் யார் நன்றாக ஆடுவாள் என்று கேட்டால் மற்ற பதினோரு பேரும் யோசிக்காமல் அவள் பெயரைச் சொல்வார்கள். அவளை நாற்பது நிமிடமும் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டுத்தான் மங்கை ஜெயித்திருந்தாள்.

நடந்தது இதுதான்.

இறுதிப் போட்டி நாகர்கோவிலில். பெண்களைத் தங்க வைத்திருந்த வகுப்பறையில் ஒரு கரும்பலகை இருந்தது. போட்டியன்று காலை மங்கை அதில் சாக்பீஸால் மைதானத்தை வரைந்து, எப்படி ஆட வேண்டும் என்று விளக்கினாள். பந்தை உள்ளே கொண்டுபோக வேண்டும். கூடைக்கு அடியில் நிற்கும் நம் உயரமான பெண்ணிடம் கொடுக்க வேண்டும். அவள் போடுவாள். இதுதான் திட்டம். மூன்று நாள் யோசித்துப் போட்ட திட்டம்.

இசக்கி எழுந்தாள்.

"மிஸ், இது ஆகாது."

"என்ன ஆகாது?"

"அவங்க கூடைக்கு அடியில மூணு பேரை நிறுத்துவாங்க. செமி ஃபைனல்ல அப்படித்தான் ஆடுனாங்க. உள்ள போற பந்து திரும்பி வராது. ரெண்டு மூலையிலயும் ஆளை நிறுத்தி, அங்கேருந்தே போட்டோம்னா அவங்க வெளிய வந்துதான் ஆகணும். அப்புறம் உள்ள போலாம்."

எதிர்த்துப் பேசுகிற குரல் இல்லை அது. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற குரல்.

கேப்டன் ஜெபசீலி பின்னால் இருந்து, "அவ சொல்லுததும் சரிதான் மிஸ்" என்றாள். நாலைந்து தலைகள் ஆடின. யாரோ ஒருத்தி பலகையைப் பார்த்து லேசாகச் சிரித்தாள்.

மங்கை சாக்பீஸைக் கீழே வைத்தாள்.

"இங்க கோச் நீயா, நானா?"

"நீங்கதான் மிஸ்."

"அப்ப உக்காரு."

இசக்கி உட்கார்ந்தாள். அன்று உட்கார்ந்தது உட்கார்ந்ததுதான்.

முதல் பாதி முடியும்போது அணி ஒன்பது புள்ளி பின்தங்கியிருந்தது. உள்ளே போன பந்து எதுவும் திரும்பி வரவில்லை. மூன்றாவது குவார்ட்டரில் மங்கை டைம் அவுட் கேட்டாள். வேர்த்துப்போய் வந்து நின்ற ஐந்து பெண்களிடமும், "மூலைக்குப் போங்க. அங்கேருந்தே போடுங்க" என்றாள்.

ஐந்து பேரும் ஒரு கணம் பெஞ்சின் கடைசியைப் பார்த்தார்கள். பிறகு போனார்கள். நாலு புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

பார்வையாளர் வரிசையில் மூன்று பேர் கையில் தாளோடு உட்கார்ந்திருந்தார்கள். பல்கலைக்கழக அணிக்குப் பெண்களைத் தேர்ந்தெடுக்க வந்தவர்கள். இசக்கிக்கு இது கடைசி வருடம். பல்கலைக்கழகத்துக்கு ஆடிய சான்றிதழ் இருந்தால் போலீஸிலோ ரயில்வேயிலோ விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கேட்கலாம். ஆடாத பெண்ணின் பெயருக்கு நேரே எழுத அவர்களிடம் ஒன்றும் இருக்கவில்லை.

அதனால்தான் அந்தக் கேள்வி.

மங்கை துணியை மடித்து வைத்தாள்.

"உள்ள வா. உக்காரு."

"நிக்கேன் மிஸ்."

மங்கை அவளுக்கு ஒரு கதை சொன்னாள். முதலாண்டுப் பெண்களுக்கு ஒவ்வொரு வருடமும் சொல்கிற கதைதான். இசக்கியும் அதை முன்பு ஒருமுறை கேட்டிருக்கிறாள்.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி நானும் ஒரு ஃபைனல்ல இப்படித்தான் பெஞ்ச்ல இருந்தேன். மதுரைல. பிலோ மிஸ் என்னை ஒரு நிமிஷம்கூட எறக்கல. மூணு பாயிண்ட்ல தோத்தோம். எனக்கு அழுகையா வந்துச்சு. ஆனா அந்த நாப்பது நிமிஷத்துலதான் நான் முதமுதலா ஆட்டத்தை முழுசாப் பாத்தேன். உள்ள நின்னா பந்து மட்டும்தான் தெரியும். வெளிய உக்காந்தா பத்து பேரும் தெரிவாங்க. மிஸ் அதுக்காகத்தான் என்னை உக்கார வச்சாங்க. அன்னைக்கு ஆடியிருந்தா நான் கோச் ஆகியிருக்க மாட்டேன்."

இசக்கி கடைசிவரை பொறுமையாகக் கேட்டாள்.

"அதுக்காகத்தான்னு அவங்க சொன்னாங்களா மிஸ்?"

"அதையெல்லாம் சொல்லணுமா?"

"நீங்க கேட்டீங்களா?"

வெளியே யாரோ பந்தைத் தட்டிக்கொண்டு போனார்கள். சத்தம் நடைபாதை முழுக்கக் கேட்டது.

"இல்ல" என்றாள் மங்கை.

"சரி மிஸ்."

இசக்கி தன் ஜெர்சியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்திருந்தாள். அதை வாசலருகே இருந்த நாற்காலியில் வைத்துவிட்டுப் போனாள். அடுத்த நாள் பயிற்சிக்கு வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை.

கல்லூரி வாசலில் ஃப்ளெக்ஸ் வைத்தார்கள். அதில் கோப்பையின் ஒரு பக்கம் பன்னிரண்டு பெண்களும் இருந்தார்கள். மறுபக்கத்தில் மங்கை நின்றாள். வியாழக்கிழமை பல்கலைக்கழகத்தின் பட்டியல் வந்தது. ஜெபசீலி பெயர் இருந்தது. இரண்டாம் ஆண்டுப் பெண் ஒருத்தியின் பெயரும் இருந்தது. மங்கை பட்டியலைக் கீழிருந்து மேலாக இன்னொரு முறை படித்தாள்.

முதல்வர் பாராட்டினார். உடன் வேலை பார்க்கிறவர்கள் இனிப்பு கேட்டார்கள். மங்கைக்கு எல்லாம் காதில் விழுந்தது. ஆனால் ஜெர்சியை வைத்துவிட்டுப் போனவள் கேட்டதுதான் மனதில் நின்றது.

நீங்க கேட்டீங்களா?

அந்த மதுரை ஆட்டத்தின்மேல்தான் மங்கையின் வாழ்க்கை நின்றது. படிப்பு முடிந்து சென்னையில் ஒரு பெரிய பள்ளியில் வேலை கிடைத்தபோது அதை விட்டுவிட்டு பிலோமினாவிடமே உதவிப் பயிற்சியாளராக வந்து சேர்ந்தாள். ஒன்பது வருடம் அவர் பின்னால் பந்து மூட்டையைத் தூக்கிக்கொண்டு போனாள். என்னை வெளியே உட்கார வைத்து ஆட்டத்தைக் காட்டியவர் என்கிற நன்றி. அதைப் போய் அவரிடமே ஏன் என்று கேட்பது அவரைச் சந்தேகப்படுவது மாதிரி என்று நினைத்தாள்.

இப்போது கேட்டுவிட்டால் தேவலை என்று தோன்றியது. அவர் வாயால் கேட்டு, அந்தப் பதிலை அப்படியே கொண்டுவந்து இசக்கியிடம் கொடுத்துவிடலாம்.

ஞாயிற்றுக்கிழமை பிலோமினா இருக்கும் தூத்துக்குடிக்குப் பஸ் ஏறினாள்.

அவர் வீட்டில் இல்லை. அவர் தங்கை, "ஸ்கூல் கிரவுண்டுல மேட்ச்னு காலையிலேயே போயிட்டா. ரிட்டயர் ஆனது அவளுக்கு மட்டும்தான் தெரியாது" என்று வழி சொன்னாள்.

பதினான்கு வயதுக்கு உட்பட்ட பெண்களுக்கான போட்டி. சிமெண்டுத் தரை. ஒரு பக்கம் மட்டும் தகர நிழல். அதன்கீழ் ஒரு மேசை போட்டு மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர் பிலோமினா. பருத்திச் சேலை, ஓட்டக்காரர்கள் போடுகிற ஷூ, தலையில் வெள்ளைத் தொப்பி. கழுத்தில் தொங்கிய ஸ்டாப் வாட்சைக் கையில் பிடித்திருந்தார். மின்சாரக் கடிகாரம் இல்லாத மைதானம் என்பதால் நேரம் பார்க்கிற வேலை அவருடையது. விசில் அடித்தால் வாட்சை நிறுத்த வேண்டும். பந்து ஆட்டத்துக்கு வந்தால் மறுபடி ஓட விட வேண்டும்.

மங்கை பின்னால் போய் நின்றாள்.

"மிஸ்."

"மங்கையா? சேரை இழுத்துப் போட்டு உக்காரு. கண்ணை எடுக்க முடியாது. காதைத் தாரேன், பேசு."

மங்கை உட்கார்ந்தாள்.

"கோப்பை வாங்கிட்டியாமே. பேப்பர்ல பாத்தேன்."

"உங்களாலதான் மிஸ்."

"நான் அங்க இல்லையே."

ஒரு சின்னப் பெண் பந்தோடு தடுக்கி விழுந்தாள். விசில். பிலோமினாவின் கட்டைவிரல் வாட்சை அழுத்தியது.

"ஒண்ணு கேக்கணும் மிஸ்."

"கேளு."

"நான் மூணாம் வருஷம் படிக்கும்போது, மதுரை ஃபைனல். என்னை ஏன் எறக்கல?"

விழுந்த பெண் முழங்காலைத் தட்டிவிட்டு எழுந்தாள். பந்து உள்ளே வந்தது. கட்டைவிரல் மறுபடி அழுத்தியது.

"அன்னைக்கே கேட்டிருக்கலாமே."

"பதில் தெரியும்னு நெனச்சேன் மிஸ்."

"என்ன பதில்?"

மங்கை சொன்னாள். உள்ளே நின்றால் பந்து, வெளியே உட்கார்ந்தால் பத்து பேர். பதினெட்டு வருடமாகச் சொல்லிப் பழகிய வார்த்தைகள் தடையில்லாமல் வந்தன.

"நல்லாருக்கு" என்றார் பிலோமினா. கொஞ்ச நேரம் ஆட்டத்தைப் பார்த்தார். "ஆனா அது இல்ல."

மங்கை நாற்காலியை இன்னும் கிட்ட இழுத்துக்கொண்டாள்.

"நீ எப்படி ஆடுவேன்னு ஞாபகம் இருக்கா? பந்து கைக்கு வந்துட்டா எங்க நிக்கோம்னு பாக்க மாட்ட. போட்டுருவ. விழுந்தா வரிசையா விழும். விழலைன்னா ஒண்ணும் விழாது. அன்னைக்குக் கடைசிவரை மூணு, நாலு பாயிண்ட்லதான் பின்னாடி இருந்தோம். உன்னை எறக்குனா ஜெயிச்சிருக்கலாம். இல்லைன்னா இருபது பாயிண்ட்ல தோத்திருக்கலாம். அந்த வருஷம் புதுசா ஒரு முதல்வர் வந்திருந்தாங்க. பொம்பளப் பிள்ளைங்களுக்கு எதுக்கு இந்த டீம்னு ஒவ்வொரு மீட்டிங்லயும் கேட்டுட்டிருந்தாங்க. இருபதுல தோத்தா, ஏன் அந்தப் பிள்ளையை எறக்குனேன்னு என்னைக் கேப்பாங்க. மூணுல தோத்தா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க."

"கேக்கலையா?"

"இல்ல. நல்லாப் போராடுனீங்கன்னு மாலை போட்டாங்க."

வலப்பக்கக் கூடையில் பந்து வளையத்தைச் சுற்றி வெளியே விழுந்தது. பெற்றோர் கூட்டம் அய்யோ என்றது.

"எனக்குப் பயம் மங்கை. வேற ஒண்ணும் இல்ல. ஆறு ஃபைனல். ஆறுலயும் அப்படித்தான். இருபத்தேழு வருஷம் யாரும் என்னை ஏன்னு கேக்கவே இல்ல."

மங்கை மேசைமேல் இருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். மூடியைத் திறக்காமலே வைத்தாள்.

"நான் அந்தக் கதையை எத்தனை பிள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா மிஸ்?"

"தெரியும். நாலஞ்சு பேர் என்கிட்டயே வந்து சொல்லியிருக்காங்க. ஒருத்தி கால்ல விழப் பாத்தா."

"ஏன் இல்லைன்னு சொல்லல?"

"அந்தக் கதையில நான் நல்லா இருந்தேன்."

விசில். வாட்ச் நின்றது. இரண்டு அணிப் பெண்களும் தண்ணீர் குடிக்க ஓடினார்கள். பிலோமினா தொப்பியைக் கழற்றி விசிறிக்கொண்டார். அப்போதும் மைதானத்தைத்தான் பார்த்தார்.

"சரி, நீ யாரை உக்கார வச்ச?"

"எப்படித் தெரியும் மிஸ்?"

"பதினெட்டு வருஷம் கேக்காதவ இன்னைக்கு பஸ் ஏறி வந்திருக்க."

மங்கை சொன்னாள். இசக்கி யார், ஆட்டம் எப்படிப் போனது என்று சொன்னாள். பல்கலைக்கழகப் பட்டியல் வந்ததையும், ஜெர்சியை மடித்து வைத்துவிட்டுப் போனதையும் சொன்னாள்.

"ஏன் உக்கார வச்ச?"

"டீம்னா ஒரு ஒழுங்கு வேணும்ல மிஸ். மீட்டிங்ல எல்லார் முன்னாடியும் எதுத்துப் பேசுனா. அதோட அவளுக்கு செமி ஃபைனல்ல கணுக்கால் லேசாப் பிசகியிருந்துச்சு. அப்புறம் சின்னப் பிள்ளைங்களுக்கும் ஒரு வாய்ப்புக் கொடுக்கணும்ல."

"மூணு காரணம் சொல்லுத. எனக்கு ஒண்ணுதான் இருந்துச்சு."

பெண்கள் திரும்பி வந்தார்கள். பந்து உள்ளே வந்தது. கட்டைவிரல் அழுத்தியது.

"அவ சொன்னது சரியா, தப்பா?"

"சரி மிஸ்."

"அது உனக்கு எப்பத் தெரிஞ்சுது? மேட்ச்ல தோத்துட்டிருக்கும்போதா?"

மங்கைக்கு அந்த வகுப்பறை தெரிந்தது. கரும்பலகை தெரிந்தது. ஆடிய தலைகள் தெரிந்தன. சிரித்த முகம் தெரிந்தது.

"அவ சொல்லும்போதே தெரிஞ்சுது" என்றாள்.

பிலோமினா தலையை அசைத்தார். அதில் கண்டிப்பும் இல்லை, ஆறுதலும் இல்லை.

"இப்ப நான் என்ன செய்யணும் மிஸ்?"

அப்போதுதான் அவர் முதல்முறையாகத் திரும்பி மங்கையைப் பார்த்தார். கண்ணோரம் சுருக்கம் கூடியிருந்தது. ஏதோ சொல்ல வாயெடுத்தார். அதற்குள் மைதானத்தில் பந்து வெளியே போய், விசில் அடித்து, ஒரு பெண் ஓடிப்போய் எடுத்துக்கொண்டும் வந்துவிட்டாள். பிலோமினா வாட்சைப் பார்த்தார். அது ஓடிக்கொண்டிருந்தது.

யாரும் கவனிக்கவில்லை. நடுவர் கவனிக்கவில்லை. இரண்டு அணியின் கோச்சுகளும் கவனிக்கவில்லை. பக்கத்தில் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தவரும் குனிந்தபடியே இருந்தார்.

பிலோமினா வாட்சை நிறுத்தினார். மேசையில் கையை ஊன்றி எழுந்தார். முழங்கால் வலி போல, எழ நேரம் பிடித்தது.

"சார், ஆட்டத்தை நிறுத்துங்க. நான் வாட்சை நிறுத்தல. ஆறு செகண்ட் சும்மா ஓடிட்டு. திருப்பிச் சேக்கணும்."

முன்னணியில் இருந்த அணியின் கோச், ஓர் இளைஞர், கையை விரித்தார். "அதெப்படி மேடம்? இப்பப் போய்ச் சொல்லுதீங்க!"

"இப்பத்தான் பாத்தேன் தம்பி. தப்பு என்னுது."

பெற்றோர் பக்கம் ஒரு முணுமுணுப்பு. யாரோ, வயசானவங்களை ஏன் உட்கார வைக்கிறார்கள் என்றார். அது மேசைவரை கேட்டது. நடுவர் வந்து வாட்சைப் பார்த்தார், ஆறு வினாடி சேர்த்துக்கொள்ளச் சொன்னார், விசில் ஊதினார். ஆட்டம் தொடர்ந்தது. சேர்த்த அந்த ஆறு வினாடியில் யாரும் கூடை போடவில்லை.

பிலோமினா மெதுவாக உட்கார்ந்தார். கண் மறுபடி மைதானத்துக்குப் போய்விட்டது.

"என்னமோ கேட்டியே மங்கை."

"ஒண்ணும் இல்ல மிஸ்."

ஆட்டம் முடியும்வரை இருந்துவிட்டு மங்கை பஸ் ஏறினாள்.

திங்கட்கிழமை காலைப் பயிற்சிக்குப் பதினோரு பெண்களும் வந்திருந்தார்கள். மங்கை அவர்களை நடுவட்டத்தில் நிற்கச் சொன்னாள். அவள் பேசியது ஒரு நிமிடத்துக்கும் குறைவு.

"நாம ஜெயிச்சது இசக்கி சொன்ன மாதிரி ஆடினதாலதான். அவ சரியாச் சொன்னான்னு அப்பவே எனக்குத் தெரியும். என்னைவிட நல்லாச் சொல்லிட்டாளேன்னு இருந்துச்சு. அதுக்காக அவளை உக்கார வச்சேன். அப்புறம் மதுரை ஃபைனல்னு உங்களுக்கு ஒரு கதை சொல்லியிருக்கேன். அது நடந்தது நெஜம். அதுக்கு நான் சொன்ன அர்த்தம் நெஜம் இல்ல. இனிமே சொல்ல மாட்டேன். சரி, ஓடுங்க."

யாரும் உடனே ஓடவில்லை. ஜெபசீலி முதலில் நகர்ந்தாள். பிறகு மற்றவர்கள். அன்று பயிற்சியில் யாரும் சத்தம் போட்டுப் பேசிக்கொள்ளவில்லை. மங்கைக்கு முகம் சுட்டது. விசிலை வாயில் வைத்தபடி கோட்டுக்கு வெளியே நின்றாள்.

சாயங்காலம் மாவட்ட விளையாட்டு மைதானத்துக்குப் போனாள். இசக்கி கான்ஸ்டபிள் தேர்வுக்கு ஓட்டம் பழகுவதாகக் கேள்விப்பட்டிருந்தாள். ஒதுக்கீடு இல்லாமல், எல்லோரையும் போல.

இசக்கி ஓடிக்கொண்டிருந்தாள். மங்கையைப் பார்த்தாள். நிற்கவில்லை. மீதிச் சுற்றை முடித்துவிட்டு வந்தாள். இடுப்பில் கை வைத்து மூச்சு வாங்கினாள். பிறகு கேலரிப் படியில், மங்கைக்கு ஒரு படி கீழே உட்கார்ந்தாள்.

"நீ கேட்டதுக்குப் பதில் சொல்ல வந்தேன்."

இசக்கி துண்டால் கழுத்தைத் துடைத்தாள்.

"நீ சொன்னது சரின்னு எனக்கு அப்பவே தெரிஞ்சுது. பிள்ளைங்க எல்லாம் உன் பேச்சுக்குத் தலையாட்டுனாங்க. எனக்குப் பொறுக்கல. அதனாலதான் உக்கார வச்சேன். வேற காரணம் கெடையாது."

"டீம்ல சொன்னீங்களாமே. ஜெபா வந்து சொன்னா."

"ஆமா."

"உங்க மிஸ்கிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"என்ன சொன்னாங்க?"

"பயமா இருந்துச்சுன்னாங்க."

தூரத்தில் சிலர் நீளம் தாண்டப் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொருவரும் தாண்டிய பிறகு ஒரு பெண் மணலைச் சமன் செய்தாள்.

"லிஸ்ட் முடிஞ்சு போச்சு மிஸ்."

"தெரியும். நடந்ததை அப்படியே எழுதி செலக்ஷன் கமிட்டிக்கு அனுப்பியிருக்கேன். உன்னைப் பாக்கச் சொல்லிக் கேட்டிருக்கேன். அவங்க மாத்துவாங்கன்னு நம்பிக்கை இல்ல."

"மாத்த மாட்டாங்க."

"ஆமா."

"நான் டீமுக்குத் திரும்பி வர மாட்டேன்."

"வரச் சொல்ல வரல."

இசக்கி ஷூ நாடாவை அவிழ்த்தாள். மணலைத் தட்டினாள். மறுபடி இறுக்கிக் கட்டத் தொடங்கினாள்.

"அந்த நாப்பது நிமிஷமும் பெஞ்ச்லேருந்து நான் என்ன பாத்தேன்னு கேக்க மாட்டீங்களா மிஸ்?"

"என்ன பாத்த?"

"உங்களைத்தான். ஒரு தடவைகூட என் பக்கம் திரும்பல நீங்க. மூலைக்குப் போங்கன்னு சொன்னீங்கல்ல, அஞ்சு பேரும் என்னைப் பாத்தாங்க. நீங்க மட்டும் பாக்கல. அப்பவே எனக்குக் காரணம் தெரியும்."

மங்கை அவளையே பார்த்தாள்.

"தெரிஞ்சுமா மறுநாள் வந்து ஏன்னு கேட்ட?"

இசக்கி முடிச்சைப் போட்டுவிட்டு எழுந்தாள்.

"நீங்க சொல்லுவீங்களான்னு பாக்கத்தான் மிஸ்."